வளைவில் மட்டும் எரியும் விளக்கு

ட்ராக் டேயில், அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளில், ஓட்டிவிட்டு பிட்டுக்கு (ட்ராக் ஓரத்தில் கார்களை நிறுத்தும் இடம்) திரும்புகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “அந்த நீளமான வலது வளைவுல ஆயில் லைட் லேசா மின்னுச்சு. நேர் ரோட்டுக்கு வந்ததும் போயிடுச்சு. சென்சார்தான் ஏதோ பண்ணுது.” சென்சாராக இருக்கலாம்தான். ஆனால் அதை நம்பி இன்னும் நாலு லேப் போய்விட்டு, அப்புறம் இன்ஜினை இறக்கி, உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கை மாற்றியவர்கள் உண்டு. விளக்கு அணைந்ததைக் கோளாறு போய்விட்டதாக எடுத்துக்கொள்வதில்தான் வினையே ஆரம்பிக்கிறது.

டாஷ்போர்டு விளக்குகள் யாருக்காகச் செய்யப்பட்டவை? காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், மாலையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவருக்காக. அவருக்கு நுணுக்கம் தேவையில்லை. நிறுத்தணுமா, மெக்கானிக்கிடம் காட்டினால் போதுமா என்று தெரிந்தால் சரி. இந்தப் படங்களையும் நிறங்களையும் ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் வரையறுத்திருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் கவனி, பச்சை என்றால் ஏதோ ஒன்று இயங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்றாடச் சாலைக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்துகிறது. அதே காரின் இன்ஜினை 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) வைத்து, வளைவுக்கு வளைவு 1 ஜி, அதாவது காரின் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையில் இருபது நிமிடம் விரட்டினால் கதை மாறிவிடும். சில விளக்குகள் ரொம்பத் தாமதமாக எரியும். சில, ஒன்றுமே இல்லாததற்கு எரியும். இன்னும் சில, எரிய வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும்.

அதனால் எந்த விளக்கு எரிந்தது என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. எரிந்த நொடியில் கார் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் பாதி நோயறிதல். எந்த வளைவு, வலதா இடதா, கால் பிரேக்கில் இருந்ததா ஆக்சிலரேட்டரில் இருந்ததா, எத்தனையாவது லேப், டேங்கில் எவ்வளவு பெட்ரோல். பிட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இதையெல்லாம் போனில் பேசிப் பதிந்துகொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஓட்டுநருக்கு லேப் டைம் மட்டும்தான் நினைவிருக்கும்.

சரி, ஆயில் விளக்குக்கு வருவோம். பெரும்பாலான கார்களில் இதற்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண ஸ்விட்ச். உள்ளே ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங். ஆயில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே, அதாவது ஐந்து, ஏழு பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால்தான் தொடர்பு கிடைத்து விளக்கு எரியும். ஆனால் இன்ஜினுக்குத் தேவைப்படும் அழுத்தம் வேகத்துக்கு வேகம் மாறும். பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு, ஒவ்வொரு ஆயிரம் ஆர்பிஎம்முக்கும் பத்து பிஎஸ்ஐ. எல்லா இன்ஜினுக்கும் இது அப்படியே பொருந்தாது என்றாலும் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். 7,000 ஆர்பிஎம்மில் 70 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் பட்டினி கிடக்கும்; விளக்கோ வாயைத் திறக்காது. அழுத்தம் ஏறக்குறைய செத்த பிறகுதான் அது பேசும். 7,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 116 சுற்று. “லேசா மின்னுச்சு” என்று சொல்லும் அந்த அரை நொடியில் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் 58 முறை சுற்றிவிடுகிறது, அநேகமாக ஆயில் படலம் இல்லாமல்.

வளைவில் மட்டும் ஏன்? சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில், இருக்கும் ஆயிலுக்கு காரின் திசை தெரியாது, விசை மட்டும்தான் தெரியும். பக்கவாட்டு விசை 1 ஜியை எட்டும்போது ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒரு தட்டில் ரசத்தை ஊற்றி அந்த அளவுக்குச் சாய்த்துப் பாருங்கள், புரியும். பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஓரிடத்தில் நிலையாக இருக்கிறது. ஆயில் எதிர்ப்பக்கச் சுவரில் ஏறிவிட்டால் குழாய் காற்றை உறிஞ்சும். குறுகிய வளைவில் இது நடந்து முடிவதற்குள் கார் நேராகிவிடும். நாலைந்து நொடி நீளும் வளைவில்தான் சிக்கல்.

2012இல் வந்த டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையரில் இருக்கும் 1,998 சிசி பாக்ஸர் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருப்பதால் காரின் எடை தரையோடு தாழ்ந்து நிற்கும். ஓட்டுவதற்கு அதுதான் சுகம். ஆனால் சிலிண்டர் ஹெட்டுகள் இடமும் வலமுமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. நீண்ட வலது வளைவில் இடப்பக்க ஹெட்டுக்குப் போன ஆயில் சம்ப்புக்குத் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தேங்கப் பார்க்கும். இந்தக் காரை ட்ராக்கில் ஓட்டுகிறவர்கள் சம்ப்பில் தடுப்புத் தகடு வைப்பதும், ஆயிலை எப்போதும் மேல் குறி வரை வைத்துக்கொள்வதும் அதனால்தான். பணம் இருக்கும் நிறுவனங்கள் பிரச்சினையை வேரோடு தீர்த்துவிடும். 2006 கார்வெட் இசட்06இல் கொடுத்ததுபோல ட்ரை சம்ப், அதாவது ஆயிலைத் தனியாக ஒரு உயரமான தொட்டியில் வைத்து அங்கிருந்து இன்ஜினுக்கு அனுப்பும் ஏற்பாடு.

மற்ற கார்களுக்கு முதல் பரிசோதனை ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்தான். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் கீழே வடியச் சில நிமிடம் விட்டு, பார்க்க வேண்டும். கடுமையாக ஓட்டும்போது இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும். காலையில் நடுக் குறியில் இருந்தது மதியம் கீழ்க் குறிக்கு வந்திருக்கலாம். அளவு சரியாக இருந்தால், ஸ்விட்ச் இருக்கும் துளையில் நிஜமான அழுத்தமானியைத் திருகி அளக்க வேண்டும். மானி நல்ல அழுத்தம் காட்டுகிறது, விளக்கும் எரிகிறது என்றால் அப்போது தாராளமாகச் சொல்லலாம், ஸ்விட்ச் போச்சு அல்லது வயர் உரசுகிறது என்று. வரிசை அதுதான். சென்சாரைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும்.

டாஷ்போர்டில் ஆயில் மீட்டர் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 கதையை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் தலைமுறைக் காரின் ஆரம்ப வருடங்களில் ஆயில் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஏறும், விட்டால் இறங்கும். 1995 மாடலிலிருந்து அதே இடத்தில் அதேபோல ஒரு முள் இருந்தது, ஆனால் பின்னால் இருந்தது வெறும் ஸ்விட்ச். கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அசையாது. மீட்டர் வேடம் போட்ட விளக்கு. முள் அசைகிறதா என்று பார்த்தாலே எது நிஜம், எது வேடம் என்று தெரிந்துவிடும்.

வெப்ப மீட்டரிலும் இதே தந்திரம் உண்டு. இன்றைய பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டியதிலிருந்து 105, 110 வரை முள் நடுவிலேயே நிற்கும்படி எழுதிவிட்டார்கள். முள் மேலே கிளம்பும்போது கைவசம் அதிக நேரம் இருக்காது. அதைவிட மோசமான இன்னொன்று: ஹோஸ் வெடித்து கூலன்ட் மொத்தமும் வெளியே போய்விட்டால், சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும். அப்போது முள் கீழே இறங்கும். கொதிக்கும் இன்ஜின், குளிர்ந்த மீட்டர். முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படக் கூடாது, ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்குக்கு வேறு குணம். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இலிருந்தும் கட்டாயமான ஓபிடி ஏற்பாட்டின், அதாவது கார் தன்னைத்தானே பரிசோதித்துக் கோளாறைக் குறியீடாகப் பதியும் ஏற்பாட்டின், முகம் அது. அடிப்படையில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. இன்ஜினைக் காப்பாற்றுவது அதன் முதல் வேலை இல்லை. நிலையாக எரிந்தால் ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். விட்டுவிட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குள் போய் அங்கே எரியப்போகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிட்டால் மாற்றுவதற்கு ஆகும் செலவைக் கேட்டுத் தலைசுற்றியவர்கள் உண்டு. மின்னும் விளக்கோடு ஒரு லேப் முடித்துவிட்டு வரலாம் என்ற ஆசை வேண்டாம்.

பல கோளாறுகளுக்கு இந்த விளக்கு முதல் முறையே எரியாது என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கணினி முதல் ஓட்டத்தில் கவனித்ததை ‘நிலுவை’ என்று குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கைப் போடும். ஆகவே டாஷ்போர்டு சுத்தமாக இருந்தாலும், ட்ராக்கிலிருந்து வந்ததும் ஸ்கேனரைச் சொருகி நிலுவைக் குறியீடுகளைப் படிப்பது நல்லது. கூடவே ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்று ஒரு பதிவும் இருக்கும்: கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் வெப்பம் எவ்வளவு, இன்ஜின் மேல் சுமை எவ்வளவு. ஓட்டுநர் மறந்ததைக் கார் மறக்காமல் வைத்திருக்கிறது. விளக்கைப் பார்த்துப் பதறி குறியீட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அழியுங்கள்.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. மதியத்துக்கு மேல் ஒரே வளைவில் கார் இருமும், இன்ஜின் விளக்கு மின்னும், வளைவு முடிந்ததும் சரியாகிவிடும். குறியீடு பி0300, அதாவது குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. அவர் காரைக் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் நாலு இக்னிஷன் காயிலையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். அடுத்த முறையும் அதே வளைவு, அதே இருமல். கடைசியில் பிட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: “தம்பி, பெட்ரோல் எவ்ளோ வெச்சிருக்கே?” கால் டேங்க்.

பின்சக்கரம் இழுக்கும் பல கார்களில் பெட்ரோல் டேங்க் குதிரைச் சேணம் மாதிரி இருக்கும். நடுவில் பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போவதால் இரண்டு பக்கமும் இரண்டு குழி. பம்ப் ஒரு குழியில்தான் இருக்கும். மறு பக்கத்துப் பெட்ரோலை ஒரு சின்ன ஜெட் பம்ப் இழுத்துக் கொண்டுவரும். பம்ப் வலப்பக்கம் இருந்து, கார் நீளமாக வலப்பக்கம் திரும்பினால் பெட்ரோல் இடப்பக்கத்துக்குப் பாயும், பம்ப் காய்ந்துபோகும். எடை குறைவாக இருக்கட்டும் என்று பாதி டேங்க்கோடு வருகிறவர்களுக்கே இந்தத் தொல்லை அதிகம். மிஸ்ஃபயர் ஒரு திசை வளைவில் மட்டும், குறைந்த பெட்ரோலில் மட்டும், எல்லா சிலிண்டரிலும் சேர்ந்து வந்தால் காயிலைத் தொடுவதற்கு முன் டேங்க்கை நிரப்பிப் பார்க்கலாம். நண்பர் நிரப்பினார். இருமல் நின்றது. பழைய நாலு காயிலும் இன்னும் டிக்கியில் கிடக்கின்றன.

குறியீடு பி0303 மாதிரி ஒரே சிலிண்டரைச் சுட்டினால் வழி வேறு. மூன்றாவது சிலிண்டரின் காயிலை ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதை இங்கே மாட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். காசு செலவில்லாத பரிசோதனை. ஆனாலும் ஏனோ பலர் இதைச் செய்வதில்லை.

மிஸ்ஃபயரே இல்லாமல் மிஸ்ஃபயர் குறியீடு வருவதும் உண்டு. கிராங்க் ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் வரும் நுண்ணிய தடுமாற்றத்தை வைத்துத்தான் கணினி மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கிறது. ட்ராக் ஓரத்துச் சிவப்பு வெள்ளைக் கெர்ப் மீது சக்கரம் தடதடவென்று ஏறி இறங்கினால் அந்த அதிர்வு கியர்பாக்ஸ் வழியாகக் கிராங்க் வரை வந்து சேரும். மோசமான சாலையில் இப்படி ஏமாறாமலிருக்க, சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் நிரல் பல கார்களில் இருக்கிறது; ஆனால் கெர்ப்பை யாரும் கணக்கில் எடுத்து எழுதியிருக்க மாட்டார்கள். இன்ஜின் சுழற்சியைச் சீராக வைக்கும் ஃப்ளைவீலை எடை குறைந்ததாகப் போட்ட காரிலும் இதே பொய்க் குறியீடு வரலாம்.

பிரேக் பக்கம் வந்தால் சிவப்பு விளக்குக்கு இரண்டு மூன்று வேலைகள். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். கடுமையாக பிரேக் போடும்போது மட்டும் மின்னினால், தொட்டியில் ஆயில் குறைவாக இருந்து முன்பக்கம் ஓடுகிறது, மிதவை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். ஏன் குறைந்தது? கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கும். பேட் தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். இது தெரியாமல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் மேலே வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும்.

ஆனால் ட்ராக்கில் பிரேக்கைக் கொல்வது அளவுக் குறைவு இல்லை, கொதிப்பு. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸையாவது தாங்க வேண்டும் என்பது தரம். காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு தாங்க வேண்டிய குறைந்த அளவு 155 மட்டும். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்; பெடல் மெத்தைபோல உள்ளே போகும். இதற்கு டாஷ்போர்டில் விளக்கே கிடையாது. கால்தான் சென்சார்.

ஏபிஎஸ் விளக்கும் வழுக்குத் தடுப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் பயப்படத் தேவையில்லாத காரணங்களே அதிகம். இரண்டும் ஒரே சக்கர வேக சென்சார்களை நம்பி இருப்பவை, ஒன்று குழம்பினால் இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். முன் பின் டயர் அளவை இஷ்டத்துக்கு மாற்றினால் எரியும். டைனோவில் (காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டி சக்தியை அளக்கும் கருவி) இரண்டு சக்கரம் மட்டும் சுற்றினால் எரியும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் சென்சாரில் ஒட்டினாலும் எரியும்; துடைத்தால் போச்சு. அலட்சியப்படுத்தக் கூடாதது ஒன்றுதான்: வளைவின் சுமையில் மட்டும் எரிந்து, நேராகப் போகும்போது அணைவது. வீல் பேரிங் ஆட்டம் கொடுத்து, சென்சாருக்கும் அது படிக்கும் வளையத்துக்கும் இடைவெளி மாறுகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

டயர் அழுத்த விளக்கு விஷயம் வேடிக்கையானது. ட்ராக்கில் டயர் சூடாகி அழுத்தம் ஏறும். 30 பிஎஸ்ஐயில் 30 டிகிரியில் கிளம்பிய டயருக்குள் காற்று 80 டிகிரி ஆனால் அழுத்தம் 37ஐத் தாண்டிவிடும். பிடிப்பு போகிறதே என்று சூடாக இருக்கும்போதே காற்றை இறக்கி 32 வைப்பார்கள். அது சரிதான். ஆனால் மறுநாள் காலை ஆறிய டயரில் இருப்பது 25 பிஎஸ்ஐ. ஆபீஸ் போகும் வழியில் விளக்கு எரிகிறது, ஆணி குத்திவிட்டதா என்று பஞ்சர் கடையில் நிற்கிறார்கள். ட்ராக்கை விட்டுக் கிளம்பும்போது காற்றை மறுபடி ஏற்ற மறந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை.

மறுபடி அந்த ஆயில் விளக்கு. டிப்ஸ்டிக் பார்த்தாயிற்று, மானி வைத்து அளந்தாயிற்று, வளைவில் அழுத்தம் நிஜமாகவே விழுகிறது என்று தெரிந்துவிட்டது. ஏற்கெனவே ஓட்டிய லேப்களில் சேதம் ஆகியிருக்கிறதா என்பதை இன்ஜினைப் பிரிக்காமல் ஓரளவு தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகர உறையை ஃபில்டர் கட்டரால் வெட்ட வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் தூளே உள்ளே விழுந்து குழப்பும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை கத்தியால் இரண்டு முனையிலும் அறுத்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் போட வேண்டும். கறுப்பாக மட்டும் இருந்தால் நல்லது, அது கரி. காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் இரும்பு, கியரிலிருந்தோ செயினிலிருந்தோ வந்திருக்கலாம். காந்தத்தில் ஒட்டாமல், மடிப்புகளுக்கு இடையே செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுத்தால், அது பெரும்பாலும் பேரிங்கிலிருந்து உரிந்த உலோகம். அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. லாரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.